கல் உடைக்கத் துணைக்குப் போவது எப்படி?

சிறுநீரகக் கல்லுக்கு வைத்தியம் பார்க்கும்போது வரும் வலியை மருந்து மாத்திரை இல்லாமல் எப்படித் தணிப்பது என்று சொல்லித்தர எனக்குத் தகுதி இருக்கிறது. இரண்டு தடவை நானே கல்லோடு படுத்திருக்கிறேன். ஒரு தடவை தங்கை வீட்டுக்காரருக்குத் துணைக்குப் போயிருக்கிறேன். படுத்திருந்தபோது மற்றவர்கள் செய்த தப்புகளை எல்லாம் கவனித்தேன். துணைக்குப் போனபோது அத்தனையையும் நானே செய்தேன். கையேடு எழுத இதைவிடப் பெரிய படிப்பு வேண்டாம்.

தொடங்குமுன் ஒரு எல்லைக்கோடு போட்டுவிடுகிறேன். மருந்து டாக்டரின் இலாகா. கல்வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசியை எடுத்துக்கொண்டு நர்ஸ் வரும்போது, "வேணாம்மா, நான் பக்கத்துல இருக்கேன்ல" என்று குறுக்கே விழாதீர்கள். அந்த ஊசிக்குப் பக்கத்தில் நிற்க உங்கள் பாசத்துக்குத் திராணி கிடையாது. ஊசி போட்ட பிறகும் மிச்சம் நிற்கும் கொஞ்சம் வலி, நிறையப் பயம், குளிர், சலிப்பு, வெட்கம் ஆகியவைதான் துணைக்குப் போகிறவரின் இலாகா. அதிலும் பாதியை உண்டாக்குகிறவர் துணைக்குப் போனவர்தான் என்பது போகப் போகத் தெரியும்.

மாப்பிள்ளை மதுரை – ராஜபாளையம் தடத்தில் அரசுப் பேருந்து ஓட்டுகிறார். அந்தத் தொழிலில் கல் வருவதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. எஞ்சின் சூட்டில் உட்கார்ந்தபடி சித்திரை வெயிலில் வண்டி ஓட்ட வேண்டும். தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் கிடையாது, இடம் இருந்தாலும் நேரம் கிடையாது. ஆகவே குடிப்பதில்லை. சிறுநீர் கெட்டியாகிறது. உப்புகள் படிகின்றன. பஞ்சுமிட்டாய் சுற்றுவதுபோல ஒரு துணுக்கைச் சுற்றி இன்னொன்று சேர்ந்து, ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குத் தங்கை போன் செய்கிறாள்.

"அண்ணே, இவுக தரையில உருளுறாக. என்னன்னு கேட்டா பேச மாட்டேங்கிறாக."

நான் போய்ச் சொன்ன முதல் வார்த்தை, "மாப்ள, ஆடாம அசையாமப் படுங்க." கையேட்டின் முதல் பாடம் இதுதான்: அப்படிச் சொல்லுங்கள், வலி உடனே இரட்டிப்பாகும். குடல்வால் வீங்கியவர் அசைந்தால் வலிக்கும் என்று சவம்போல் கிடப்பார். கல்வலிக்காரரால் ஒரு நிமிடம் ஒரு நிலையில் இருக்க முடியாது. உட்காருவார், எழுவார், குனிவார், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பார். அனுபவமுள்ள டாக்டர்கள் ஆள் உள்ளே நுழையும் நடையை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடுவார்கள். மாப்பிள்ளை அன்றைக்கு ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பிரித்தெடுக்கப் பாடுபட்டேன். செய்திருக்க வேண்டியது, டீப்பாயையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் ஓரமாக நகர்த்தி, உருள இடம் ஒழித்துக் கொடுப்பது.

அடுத்து, எல்லாம் தெரிந்தவனாக ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். "மடமடன்னு குடிங்க, அடிச்சுக்கிட்டு வந்துரும்." கல் குத்துவதால் வலிக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாய் 25, 30 சென்டிமீட்டர் நீளம், உள்ளே மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். அதில் கல் வந்து அடைத்தவுடன் மேலே சிறுநீர் தேங்கி, சிறுநீரகமே பலூன்போல உப்புகிறது. அந்த உப்பல்தான் ஆளை உருளவைக்கிறது. அடைத்துக்கொண்ட சாக்கடையில் இன்னும் நாலு வாளி ஊற்றினால் என்ன ஆகுமோ அதைத்தான் நான் செய்தேன். குடித்த ஐந்தாவது நிமிடம் அத்தனையும் வாந்தி. கல் வராமல் தடுக்கத் தண்ணீருக்கு இணை இல்லை, ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது சொம்பைக் கீழே வையுங்கள்.

அன்று இரவு உருப்படியாக நடந்த ஒரே காரியத்தைத் தங்கை செய்தாள். கல்லுப்பை வாணலியில் வறுத்து, மாப்பிள்ளையின் பழைய காக்கிச் சட்டைத் துணியில் மூட்டையாகக் கட்டி, விலாவுக்குக் கீழே ஒத்தடம் கொடுத்தாள். "பாட்டி வைத்தியம்" என்று நான் உதட்டைப் பிதுக்கினேன். பிறகுதான் படித்தேன்: 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வியன்னா நகரத்து ஆம்புலன்ஸ்களில் கல்வலிக்காரர்களுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் மின்சாரப் போர்வையால் சூடு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வலியும் பதற்றமும் குமட்டலும் நன்றாகக் குறைந்திருக்கின்றன. வியன்னாவுக்குப் போர்வை, எங்களுக்கு உப்பு மூட்டை. தோல் வெந்துபோகாமல் முதலில் உங்கள் முழங்கையில் வைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கிண்டலை நிறுத்திக்கொள்கிறேன். கல்வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால், சிறுநீர் அறவே நின்றுபோனால், வலிக்கிறவர் கர்ப்பிணியாகவோ ஒற்றைச் சிறுநீரகக்காரராகவோ இருந்தால், ஒத்தடமும் வேண்டாம், இந்தக் கட்டுரையும் வேண்டாம். வண்டியை எடுங்கள்.

பார்க்க வருகிறவர்கள்

ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் 9 மில்லிமீட்டர் என்று வந்தது. நாலு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். ஒன்பது என்பது அடம்பிடிக்கிற அளவு. ஷாக்வேவ் கொடுத்து உடைக்கலாம் என்று தேதி கொடுத்தார்கள். நடுவில் எட்டு நாள். வலியை மருந்தில்லாமல் அதிகரிக்கும் கலையைக் கற்க விரும்புகிறவர்கள் இந்த எட்டு நாளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வந்து பார்க்கிறவர் முதலில் அளவைக் கேட்க வேண்டும் என்பது மரபு. எவ்வளவு சொன்னாலும் சிரித்துக்கொண்டே, "இவ்ளோதானா? எனக்கெல்லாம் பதினாலு" என்று சொல்ல வேண்டும். கல் விஷயத்தில் தன்னடக்கம் உள்ள மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. பின்தெரு ரைஸ்மில்காரர் தன் கல்லை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தே காட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது, பெரிய மனிதர்கள் செய்ததுதான். லண்டன் நாட்குறிப்புக்காரர் சாமுவேல் பீப்ஸ் 1658 மார்ச் 26-ஆம் தேதி, மயக்கமருந்து என்ற ஒன்றே இல்லாத காலத்தில், கட்டிப்போட்டுப் படுத்து, சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்து எடுத்துக்கொண்டவர். டென்னிஸ் பந்து அளவாம். பிழைத்த அந்த நாளுக்கு வருஷாவருஷம் விருந்து வைத்தார். அதோடு நிற்காமல் 1669-இல், ஜான் ஈவ்லின் என்ற நண்பரின் சகோதரர் கல்லால் அவதிப்படுகிறார் என்று கேள்விப்பட்டு, தைரியம் சொல்வதற்காகத் தன் கல்லைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். பந்து அளவுக் கல்லைப் பார்த்து யாருக்குத் தைரியம் வரும்? அந்த மனிதர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். கல்லைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டார் ட்ரெக் நடிகர் வில்லியம் ஷாட்னர் செய்தது மேல். 2006-இல் தன் கல்லை 25,000 டாலருக்கு விற்று, வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். ரைஸ்மில்காரரிடம் இதைச் சொன்னேன். "நம்மூர்ல யாரு வாங்குவா?" என்று உண்மையாகவே யோசித்தார்.

பிறகு காரணம் கண்டுபிடிக்கும் கட்டம். பெரியம்மா, "அந்தக் காலத்துல அரிசில கல்லுப் பொறுக்குனோம். இப்ப யாரு முறத்துல புடைக்கிறா?" என்று தங்கையைப் பார்த்தார். ஆக, கல் மாப்பிள்ளைக்கு, குற்றம் தங்கைக்கு. சித்தப்பா தக்காளி விதையைக் குற்றவாளி ஆக்கினார். அடுத்த வீட்டு சார் பாலை நிறுத்தச் சொன்னார். சுண்ணாம்புச் சத்தால் வந்த கல், பாலிலும் சுண்ணாம்புச் சத்து, ஆகவே பால் கூடாது. கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! இத்தாலியில் போர்கி என்ற டாக்டரும் கூட்டாளிகளும் அடிக்கடி கல் வருகிற 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தார்கள். மறுபாதிக்கு அதை வழக்கம்போல் கொடுத்து, உப்பையும் கறியையும் குறைத்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. ஐந்து ஆண்டுகளில் பாலைக் குறைத்தவர்களில் 38 சதவீதம் பேருக்குக் கல் திரும்ப வந்தது, உப்பைக் குறைத்தவர்களில் 20 சதவீதம். நான் இதை விளக்கியபோது அடுத்த வீட்டு சார் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊறுகாயைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவே இல்லை.

பானங்கள் தனிக் கதை. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சிமுள் கஷாயம், பொங்கலுக்கு வாசலில் செருகும் சிறுபீளை, பார்லித் தண்ணீர், இளநீர், டிப்போ நண்பர்கள் ரகசியக் குரலில் சிபாரிசு செய்த பீர். கல்லுக்கு பீர் நல்லது என்று சொல்கிறவருக்கு எப்போதும் கல் இருப்பதில்லை, தாகம்தான் இருக்கும். இந்தப் பானங்களில் பலவற்றுக்கும் பொதுவான ஒரு சரக்கு உண்டு, அது தண்ணீர். அதே போர்கி 1996-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், தினமும் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடித்தவர்களுக்கு ஐந்து ஆண்டில் கல் திரும்ப வந்தது 12 சதவீதம், மற்றவர்களுக்கு 27. வாழைத்தண்டை அரைத்து, நார் எடுத்து, வடிகட்டி, மூக்கைப் பிடித்துக் குடிக்கும் சிரமத்துக்குப் பிறகு ஒருவருக்கு இதைச் சொல்லுவது கொடுமை. நான் சொன்னேன். தங்கை ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

ஆறுதலாக ஒரு நல்ல செய்தி சொல்லலாம் என்று மாப்பிள்ளையிடம் ரோலர் கோஸ்டர் கதையை எடுத்துவிட்டேன். அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் வார்ட்டிங்கரிடம், டிஸ்னி வேர்ல்டில் ரயில் ராட்டினத்தில் சுற்றியதும் கல் விழுந்துவிட்டது என்று சிலர் வந்து சொல்லியிருக்கிறார்கள். அவர் விடவில்லை. சிலிக்கோனில் சிறுநீரகம் செய்து, உள்ளே சிறுநீரும் நிஜமான சின்னக் கற்களும் போட்டு, முதுகுப்பையில் வைத்துக்கொண்டு, அதே ராட்டினத்தில் இருபது முறை சுற்றினார். 2016-இல் கட்டுரை வந்தது, 2018-இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் வந்தது. முன் சீட்டில் உட்கார்ந்தபோது கல் விழுந்தது சுமார் 17 சதவீதம். கடைசிச் சீட்டில் 64.

மாப்பிள்ளை நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "இருபத்தாறு வருசமா முன்சீட்டுலயே உக்காந்துட்டேன் மச்சான்."

குழாய் வைத்தவருக்கு

கதை ஷாக்வேவ் மேசைக்குப் போகுமுன் என் சொந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு நேரம் இருக்காது. எனக்கு இரண்டாவது முறை வந்த கல்லைக் கருவி விட்டு உடைத்து எடுத்தார்கள். எடுத்த பிறகு வழி வீங்கி அடைத்துக்கொள்ளாமலிருக்க உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். இரண்டு முனையும் சுருண்டிருக்கும், டி.ஜே. ஸ்டென்ட் என்பார்கள். "ஸ்டென்ட்" என்ற சொல்லைக் கேட்டதும் என் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஹார்ட்டும் போச்சா?" என்று அழுதுவிட்டார். வலி என்னவோ எனக்கு.

குழாய் இருக்கிறவரை மூத்திரம் போகும்போது இடுப்பில் சுருக்கென்று ஏறும், சிறுநீர் குழாய் வழியே மேலேயும் எக்குவதால். பைக்குள் ஏதோ கிடந்து உறுத்துவதுபோல் அடிக்கடி ஓட வைக்கும். லேசாகச் சிவப்பாகவும் போகும். துணைக்கு இருப்பவர் செய்ய வேண்டியது, கழிப்பறைக் கதவைத் தட்டி "ஆச்சா?" என்று கேட்காமலிருப்பது. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே மலிவான வலிநிவாரணி இதுதான்.

குழாயை எடுக்கும் நாள் இன்னொரு பயம். பெரும்பாலும் மரப்புக் களிம்பு மட்டும் போட்டு, விழித்திருக்கும்போதே எடுப்பார்கள். மருந்தில்லா உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இங்கேதான் இருக்கிறது. வளையும் கருவியை உள்ளே விடும்போது, ஆண்களுக்கு வழி இறுகும் இடம் ஒன்று உண்டு. கருவி அங்கே வரும் சமயம் பார்த்து, மேலே தொங்கும் உப்புநீர்ப் பையை ஒருவர் கையால் அழுத்திப் பிழிய வேண்டும். தண்ணீர் முன்னால் போய் வழியைத் திறந்துவிடும், கருவி பின்னால் போகும். அவ்வளவுதான். ஆய்வு செய்து பார்த்ததில் பிழிந்தவர்களுக்கு வலி குறைவாம். நோயாளியைத் திரையைப் பார்க்க விட்டாலும் வலி குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். நானும் பார்த்தேன். என் உள்ளே இருந்தது ஒரு நீலக் குழாய், ஏதோ குளத்தில் மிதக்கிற தாமரைத்தண்டுபோல. பார்த்துக்கொண்டே இருக்கும்போது வெளியே வந்துவிட்டது. எடுக்கும் தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மறந்துபோய் வருஷக்கணக்கில் விட்டால் அந்தக் குழாய் மேலேயே கல் படியும்.

கல் உடைந்து வெளியே வரும் துணுக்கைப் பிடிக்க வீட்டில் ஒரு டீ வடிகட்டி வேண்டும், பரிசோதனைக்கு அனுப்புவதற்கு. புதிதாக வாங்குங்கள். கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டுங்கள். எங்கள் வீட்டில் கட்டவில்லை. அதற்குமேல் அந்தக் கதையை நான் எழுதினால் இந்த வீட்டில் இனி எனக்கு டீ கிடைக்காது.

மேசையில்

ஷாக்வேவ் எந்திரம் எங்கிருந்து வந்தது என்பதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்லிவைப்பது நல்லது என்று நினைத்தேன். ஜெர்மனியில் டோர்னியர் என்ற விமானக் கம்பெனி. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் உலோகமே சேதப்படுகிறது, ஏன் என்று ஆராயப் போனார்கள். மோதுகிற இடத்தில் எழும் அதிர்ச்சி அலை உள்ளே பரவுகிறது என்று தெரிந்தது. அதையே ஒரு புள்ளியில் குவித்தால் உடம்பைக் கிழிக்காமல் உள்ளேயிருக்கும் கல்லை உடைக்கலாமே என்று போனது யோசனை. 1980 பிப்ரவரி 7-ஆம் தேதி மியூனிக்கில் கிறிஸ்டியன் ஷாஸி என்ற டாக்டர் முதல் நோயாளிக்கு அதைச் செய்தார். அந்தக் காலத்து எந்திரத்தில் ஆளை மயக்கப்படுத்தித் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். இப்போது தொட்டி இல்லை. முதுகுக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய ரப்பர் மெத்தை, நடுவில் களிம்பு.

"ராக்கெட்டுக்குக் கண்டுபிடிச்சதையா என் இடுப்புல வைக்கப் போறாக?" என்றார் மாப்பிள்ளை. நான் சொன்னது விமானம். அவர் கேட்டது ராக்கெட். விளக்கம் சொல்லிப் பயத்தைக் குறைப்பது எப்படி என்ற அத்தியாயத்தை இந்தக் கையேட்டிலிருந்து நீக்கிவிட்டேன்.

மேசையில் படுத்த பிறகு வரும் அவஸ்தைகளைப் பார்ப்போம். முதலாவது குளிர். ஏசி அறை, பின்பக்கம் திறந்த கவுன், பனிக்கட்டிபோலக் களிம்பு. களிம்பு பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள், கால்களுக்கு ஒரு போர்வை கேளுங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. களிம்பை இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போடுகிறார்களே, வீணாகிறதே என்று மட்டும் நினைக்காதீர்கள். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் அலை உள்ளே போகாது.

பிறகு மூச்சு. யோகா கற்ற சித்தப்பா கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்: "வலிக்கும்போது ஆழமா இழுத்து, அடிவயித்துலருந்து விடணும்." மாப்பிள்ளை சொன்ன சொல் தட்டாதவர். முதல் அடி விழுந்ததும் நெஞ்சு பீப்பாய்போல ஏற இழுத்தார். டெக்னீஷியன் பெண் எந்திரத்தை நிறுத்தினார். "அண்ணே, நீங்க மூச்சு விட்டா கல்லு மேலயும் கீழயும் போகுது. சின்னதா, ஒரே மாதிரி விடுங்க. கல்லு ஒரு இடத்துல இருந்தாத்தான அடிக்க முடியும்?" நாம் ஒவ்வொரு மூச்சிலும் சிறுநீரகத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி இறக்குகிறோம். பிராணாயாமம் செய்தால் அது லிஃப்ட் ஆகிவிடும்.

அதே காரணத்தால் என் இரண்டாவது ஏற்பாடும் படுத்தது. போனில் வடிவேலு காமெடியாக இறக்கிவைத்திருந்தேன். கவனத்தைத் திருப்பினால் வலி குறையும் என்பது உண்மைதான். கண்ணில் மாயத்திரைக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கூடச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் மாப்பிள்ளை சிரிக்கிற சிரிப்பு வயிற்றோடு சிரிக்கிற சிரிப்பு. வயிறு குலுங்கினால் கல் குலுங்கும். போனைக் கையிலிருந்து வாங்கி அந்தப் பெண் தன் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

அடுத்தது பாட்டு. இதைத்தான் நான் பெரிதாக நம்பியிருந்தேன். ஷாக்வேவ் வாங்கும்போது இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பாட்டு என்பதுதான் கேள்வி. பிரெஞ்சு இசைக்காரர் மாரேன் மாரே 1725-இல் சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் சடங்கையே வயோல் வாத்தியத்துக்கு இசையாக எழுதிவைத்திருக்கிறார், மேசையைப் பார்த்து நடுங்குவதிலிருந்து கட்டிலில் கொண்டுபோய்ப் போடுவதுவரை. அதைத் தவிர எதையும் போடலாம். நான் இளையராஜா மெல்லிசையாக நாற்பது பாட்டுச் சேர்த்திருந்தேன். அதோடு ஒரு கணக்கும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எந்திரம் "டக்… டக்…" என்று நிமிடத்துக்கு 60 தடவை அடிக்கிறது, நொடிக்கு ஒன்று. மொத்தம் 3,000 அடி. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் என்றால் 375 ஆவர்த்தனம். வலியைத் தாளமாக மாற்றிவிட்டால் ஆளுக்கு வலியே தெரியாது!

இரண்டு பாட்டு முடிவதற்குள் மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "மச்சான், வேணாம். தூக்கம் வருது."

"தூங்குங்க மாப்ள, நல்லதுதான?"

"மல்லாக்கப் படுத்துக்கிட்டு வண்டி ஓடுற சத்தம் கேக்குது. தூங்கவா முடியும்? டிரைவரு."

வலி ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டியதுபோல இருக்கிறதாம், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப. ஒரு சுண்டல் ஒன்றும் இல்லை, இன்னும் எத்தனை என்று தெரியாமல் வாங்குகிற சுண்டல்தான் தாங்க முடியவில்லை என்றார். நான் பொறுப்பான உறவினனாக டெக்னீஷியனிடம் போய், "கொஞ்சம் வேகமா அடிச்சு முடிச்சுரலாமேம்மா" என்றேன். என் தலையில் ஈய ஏப்ரனைத் தவிர வேறு எதையும் அவர் போடாதது அவருடைய பெருந்தன்மை. நிமிடத்துக்கு 120 அடித்தால் 25 நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் 60 அடித்தால்தான் கல் நன்றாகப் பொடியும், சிறுநீரகத்துக்கும் காயம் குறைவு என்றார். எடுத்தவுடனே பலமாக அடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதும் அதற்காகத்தான், உடம்பு பழகிக்கொள்ளும். "ஒவ்வொரு தடவ கூட்டுறதுக்கு முன்னாடியும் அண்ணன்ட்டச் சொல்றேன்ல? சொல்லிட்டு அடிச்சா அந்த அளவுக்கு வலிக்காது. நீங்க அந்தப் பக்கமாப் போயி அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

ஏப்ரன் ஐந்து கிலோவாவது இருக்கும். அந்தப் பக்கம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தடவிக் கொடுக்கவில்லை, தட்டிக் கொடுக்கவில்லை. என் ஆலோசனைகள் அனைத்தும் தீர்ந்துபோயிருந்தன.

"எத்தனைம்மா ஆச்சு?" என்றார் மாப்பிள்ளை.

"எழுநூறுண்ணே."

"மூவாயிரத்துல எழுநூறா?" கண்ணை மூடினார். உதடு அசைந்தது. அவர் ஓட்டுகிற தூரம் எண்பத்தைந்து கிலோமீட்டர். "அப்பத் திருமங்கலம் வந்துட்டோம்."

அந்தப் பெண்ணுக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம் போலிருக்கிறது. கல்லுப்பட்டிக்காரராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆயிரத்து நானூறு ஆனபோது இவர் கேட்பதற்கு முன்பே, "கல்லுப்பட்டி எறங்குறவங்க எல்லாம் முன்னாடி வாங்க" என்று குரல் கொடுத்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சிரித்தால் கல் நகரும் என்று தெரிந்துவிட்டது. உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டு, சின்னச் சின்னதாக, ஒரே மாதிரி மூச்சு விட்டார். நடுவில் ஒரு தடவை எந்திரத்தை நிறுத்தி எக்ஸ்ரே பார்த்துக் கல்லைச் சரிக்கட்டினார்கள். "செக்கிங் ஏறிருக்காரு" என்றார். கிருஷ்ணன்கோவில் வரைக்கும் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தவர், அதற்குப் பிறகு பிடியைத் தளர்த்திவிட்டார். கியர் மாற்றுகிற கை அது.

"ரெண்டாயிரத்து அறுநூறுண்ணே."

"ஸ்ரீவில்லிபுத்தூர். மச்சான், பால்கோவா வாங்கணும்னு தங்கச்சி சொல்லி விட்டா."

"பால் சாப்பிடலாம், மாப்ள. உப்புத்தான் ஆகாது. இத்தாலியில…"

"மச்சான், வண்டி ஓடும்போது டிரைவர்ட்டப் பேசாதீங்க."

மூவாயிரத்தில் எந்திரம் நின்றது. அறையில் திடீரென்று ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் களிம்பைத் துடைத்துவிட்டு, ராஜபாளையம் வந்தாச்சுண்ணே, மெதுவா எறங்குங்க என்றார். மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து, கவுனைப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே டியூட்டி முடிந்தவர்போலக் கழுத்தை இருபக்கமும் திருப்பிச் சொடுக்கு எடுத்தார்.

"ரிட்டர்ன் ட்ரிப் இருக்காம்மா?"

"ரெண்டு வாரம் கழிச்சு எக்ஸ்ரே பாத்துட்டுச் சொல்றேன்ணே."